கல் கூறும் வரலாறு

தமிழில் 'கல்' என்பது ஒரு பெயர்ச்சொல். அதுவே ஏவல் வினையும் ஆகும். நிலத்தில் கிடக்கும் பொருளும் கல். படிக்குமாறு மாணாக்கனை ஏவும் சொல்லும் கல். 'கல்லுதல்' என்பதற்குத் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு. கல்லும் கல்வியும் அகழ்தலும் ஒரே ஒலியில் வந்து நிற்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். மனித இனத்தின் மிகப் பழைய வரலாற்றைத் தேடுவோர்க்கு இம்மூன்றும் சொல்லளவில் மட்டுமன்றிச் செயலளவிலும் ஒன்றுபட்டு நிற்கின்றன. எழுத்துத் தோன்றுவதற்கு முன் வாழ்ந்தவர்கள் ஏடு எதனையும் விட்டுச் செல்லவில்லை. அவர்கள் விட்டுச் சென்றவற்றுள் அழியாது நிலைத்தது கல்லே ஆகும்.

ஜொகூர் மாநிலத்தில் ஆயர் ஈத்தாம் அமைந்துள்ள மாவட்டத்தின் பெயர் பத்து பகாட். மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல்; 'பகாட்' என்றால் உளி. உளி பட்ட கல்லின் பெயரைத் தாங்கிய மாவட்டத்தில் பயிலும் மாணவர்கள், கல்லைச் செதுக்கிய ஆதி மனிதரைப் பற்றி அறிந்துகொள்வது பொருத்தமுடையதாகும். ஆயர் ஈத்தாம் மண்பாண்டங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். களிமண்ணைப் பிசைந்து சுடக் கற்பதற்குப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் கல்லை உடைக்கக் கற்றுவிட்டான். இப்பகுதியின் தோட்டப்புறச் சாலைகளில் பரப்பப்படும் செம்மண் சரளையைக் காணாத மாணவர் இரார். அத்தகைய செம்மண் சரளையில்தான் இந்தியப் பழங்கற்கால ஆராய்ச்சி பிறந்தது என்பது அவர்களுக்கு வியப்பளிக்கலாம்.

பல்லாவரத்தில் கிடைத்த கல்

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பார் சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில் சரளை தோண்டப்பட்டிருந்த குழியொன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 28. இரும்புச் சத்து மிகுந்த அச்செம்மண் சரளையிடையே கிடந்த ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. அது மனிதனால் செதுக்கப்பட்டது என்று அவர் உணர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள், அவரும் உடன் பணியாற்றிய வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டெடுத்தனர்.

அந்தச் சரளையை வெட்டியோரும் சுமந்தோரும் அத்தகைய கற்களை எத்தனையோ முறை கையால் தொட்டிருப்பர். பூட் மட்டும் அதனை இனங்காண முடிந்தது எதனால்? பிரான்சு நாட்டின் சோம் ஆற்றுப் பள்ளத்தாக்கில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கற்கருவிகள் கிடைப்பதாகப் பூசே தெ பெர்த்தே என்பவர் நெடுங்காலம் கூறிவந்தார். அறிஞர் பலர் அதனை நம்பவில்லை. 1859-இல் பிரெஸ்டுவிச், எவன்சு என்னும் ஆங்கில அறிஞர்கள் நேரில் சென்று கண்டு அவர் கூற்று மெய்யே என அறிவித்தனர். அச்செய்தி அறிவுலகில் பரவிய நான்காம் ஆண்டில்தான் பூட் பல்லாவரத்துக் குழியில் இறங்கினார். அறிந்த கண்ணே காணும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

ஈண்டு மற்றொன்றும் கருதத்தக்கது. ஐரோப்பாவில் கிடைத்த கருவிகளுட் பல சிக்கிமுக்கிக் கல்லால் ஆனவை. சென்னைப் பகுதியில் கிடைத்தவையோ குவார்ட்சைட்டு என்னும் கடினமான கல்லால் ஆனவை. பூட் சிக்கிமுக்கிக் கல்லை மட்டுமே தேடியிருந்தால் தம் காலடியில் கிடந்த கருவியைக் கடந்து சென்றிருப்பார். ஆதி மனிதன் தன் மண்ணில் எந்தக் கல் நன்கு உடையுமோ அந்தக் கல்லையே கையாண்டான். திருநெல்வேலிக் கடற்கரையை அடுத்த செம்மணல் தேரிகளில், சேர்ட்டு, குவார்ட்சு ஆகியவற்றால் ஆன விரல் நுனியளவுக் கருவிகள் கிடைத்துள்ளன. பேராக் மாநிலத்தின் லெங்கோங் பள்ளத்தாக்கிலோ ஆற்றுக் கூழாங்கற்களே கருவிகள் ஆயின. ஆகவே, கருவியை இனங்காண்பவர் கல்லின் வகையைக் காட்டிலும் அதன்மீதுள்ள கைவினைத் தடத்தையே நாடவேண்டும்.

கைவினையை அறியும் முறை

இயற்கையும் கல்லை உடைக்கும். ஆற்று வெள்ளம் உருட்டி மோதும், நெருப்பு பிளக்கும், இக்காலத்தில் மண்வாரி இயந்திரம் நொறுக்கும். எனவே கூர்மை ஒன்றே கைவினைக்குச் சான்றாகாது.

சீரான நுண்மையுடைய கல்லின் விளிம்பருகே மற்றொரு கல்லால் ஓங்கி அடித்தால், அடியின் விசை கூம்பு வடிவில் உள்ளே பரவும். தெறித்து விழும் துண்டைச் செதில் என்பர். அச்செதிலின் உட்புறத்தில், அடிபட்ட இடத்திற்குச் சற்றுக் கீழே ஒரு மெல்லிய புடைப்புக் காணப்படும். குளத்தில் கல்லெறிந்தால் எழும் வளையங்களைப் போல அப்புடைப்பிலிருந்து அலைவரிகள் விரிந்து செல்லும். செதில் பிரிந்த மூலக்கல்லிலோ சிப்பியின் உட்புறம் போன்ற குழிந்த வடு எஞ்சி நிற்கும். தடித்த கண்ணாடி உடைந்த இடத்திலும் இத்தகைய வளைவுகளைக் காணலாம். வெயிலாலோ நெருப்பாலோ பிளந்த கல்லில் அடிபட்ட புள்ளி இராது.

ஆயினும், வடு ஒன்றைக் கண்டவுடனே முடிவுக்கு வருதல் ஆகாது. ஆற்றில் இரு கற்கள் மோதினாலும் ஒரு வடு உண்டாகக்கூடும். கைவினையைக் காட்டுவது வடுக்களின் ஒழுங்கு. ஒரே விளிம்பில் அடுத்தடுத்து வடுக்கள் அமைந்துள்ளனவா, ஒரு முகத்திலிருந்தும் மறுமுகத்திலிருந்தும் மாறி மாறிச் செதுக்கப்பட்டுள்ளதா, அவை அனைத்தும் சேர்ந்து ஒரு முனையையோ வெட்டும் விளிம்பையோ நோக்கிச் செல்கின்றனவா என்று ஆராய வேண்டும். பழைய வடு, கல்லின் ஏனைய மேற்பரப்பைப் போலவே நிறம் மாறி மங்கியிருக்கும். அண்மையில் உடைந்த இடம் பளிச்சென்று தனித்துத் தெரியும்.

அத்திரம்பாக்கத்துக் கைக்கோடரி இருமுகமும் செதுக்கப்பட்டு ஏறக்குறைய வாதுமைக் கொட்டை வடிவில் அமைந்தது. பிளக்கும் கருவிக்குக் கூர்முனைக்கு மாறாக அகன்ற நேர்விளிம்பு இருக்கும். சுரண்டியின் ஒரு விளிம்பில் சிறு சிறு வடுக்கள் நெருங்கி நிற்கும். புதிய கற்காலக் கோடரியோ அரைத்து மெருகேற்றப்பட்டது. அதனைத் தடவிப் பார்த்தே அறியலாம்.

இடியோடு விழுந்த கல்

மெருகேற்றிய அக்கோடரிகளை உழவரும் கிணறு தோண்டுவோரும் பல நாடுகளில் கண்டெடுத்துள்ளனர். அவ்வளவு ஒழுங்கான கல் மண்ணுக்குள் எவ்வாறு வந்தது என்று எண்ணிய மக்கள், அது இடியோடு விண்ணிலிருந்து விழுந்தது என்று கொண்டனர். மலாய் மக்கள் அதனைப் 'பத்து லிந்தார்', அதாவது இடிக்கல், என்று அழைத்தனர். ஐரோப்பியரிடையேயும் இந்நம்பிக்கை இருந்தது. தமிழகத்தின் சேர்வராயன் மலையில் வாழ்ந்தோர் இத்தகைய கோடரிகளைச் சேர்த்துப் பிள்ளையார் கோயில்களில் வைத்து வழிபட்டனர்.

இதனை அறியாமை என்று எள்ளி நகையாடுதல் தகாது. அக்கல் சாதாரணமானதன்று என்பதை அம்மக்கள் சரியாகவே உணர்ந்தனர். அதனைத் தூக்கி எறியாமல் காத்தும் வைத்தனர். அவர்கள் அறியாதது, அதனைச் செய்தவை தம்முடையவை போன்ற கைகளே என்பதுதான்.

இடம் என்னும் சான்று

கல்லின்மீதுள்ள வடு ஒரு சான்று. அக்கல் கிடந்த இடம் மற்றொரு சான்று. முன்னதைப் பேரருங்காட்சியகத்திலும் காணலாம். பின்னதை ஒருமுறை கலைத்துவிட்டால் மீண்டும் பெற இயலாது.

1938-இல் கோத்தா தம்பானில் கோலிங்ஸ் என்னும் அறிஞர் கற்கருவிகளைக் கண்டறிந்தார். 1987-இல் பேராசிரியர் சுரைனா மஜீத் அவ்வூரில் அகழாய்வு நடத்தினார். அடிகல், மூலக்கல், செதில்கள், சுத்தியற்கல் ஆகிய யாவும் ஆதி மனிதர் விட்டுச் சென்ற நிலையிலேயே கிடந்தன. அதனால் அவ்விடம் ஒரு கற்பட்டறை என்பது தெளிவாயிற்று. சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது பரவிய சாம்பலும் அங்குக் காணப்பட்டமையால், பட்டறையின் காலத்தைச் சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முந்தியது எனக் கணிக்க முடிந்தது. அக்கற்களைத் தனித்தனியே பொறுக்கி எடுத்துப் பெட்டியில் போட்டிருந்தால் பட்டறையும் தெரிந்திராது, காலமும் தெரிந்திராது. அருகிலுள்ள புக்கிட் பூனோவில் கிடைத்த கைக்கோடரிக்கு 18 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் 2009-இல் அறிவிக்கப்பட்டது. அக்கணிப்பை அறிஞர் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. லெங்கோங் பள்ளத்தாக்கு 2012-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலங்களுள் ஒன்றாயிற்று.

இதற்கு மாறான கதையும் இந்நாட்டில் உண்டு. செபராங் பிறையிலுள்ள குவார் கெப்பாவில் பழங்கால மக்கள் உண்டு கழித்த சிப்பிகள் மேடுகளாகக் குவிந்திருந்தன. அவற்றிடையே கருவிகளும் மனித எலும்புகளும் புதைந்திருந்தன. சுண்ணாம்புக்காகச் சிப்பிகள் வாரிச் செல்லப்பட்டபோது மேடுகளின் பெரும்பகுதி மறைந்தது. சுண்ணாம்பு சில நாள் சுவரில் வெளுத்தது. வரலாற்றின் பல பக்கங்கள் என்றென்றைக்கும் அழிந்தன.

ஆசிரியர் ஒருவரின் கண்டுபிடிப்பு

2006-ஆம் ஆண்டு தமிழகத்தின் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள செம்பியன்கண்டியூரில், பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் குழி தோண்டும்போது மெருகேற்றிய கற்கோடரி ஒன்றைக் கண்டார். அவர் அதனைப் பேழையில் பூட்டி வைக்கவில்லை. தொல்லியல் துறையினரின் பார்வைக்குக் கொண்டுசென்றார். அதில் கீறப்பட்டிருந்த குறியீடுகள் சிந்துவெளி எழுத்துகளே என்று அறிஞர் ஐராவதம் மகாதேவன் கருதினார். அக்கருத்தை ஏற்காத அறிஞரும் உளர். தோட்டக் குழியில் தற்செயலாகக் கிடைத்த பொருளாதலின், மண்ணடுக்கைக் கொண்டு அதன் காலத்தை உறுதிப்படுத்துதல் எளிதாக இல்லை. இருப்பினும் அவ்வாசிரியரின் நேர்மையால் அக்கல் ஆராய்ச்சி மன்றத்திற்கு வந்தது. ஐயமும் விவாதமும் எழுந்ததே அதன் பயனாகும்.

கல் சொல்லாதது

கல் சொல்வதைக் கேட்கும் ஆசிரியர், அது சொல்லாததையும் அறிந்திருத்தல் வேண்டும். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் 1999 முதல் அகழாய்வு செய்தனர். அங்குள்ள பழைய கைக்கோடரிகள் சுமார் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என 2011-இல் வெளியிட்டனர். செதில்களை முதன்மையாகக் கொண்ட அடுத்த கட்டத் தொழில்நுட்பம் ஏறத்தாழ 385,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்குத் தோன்றியது என 2018-இல் அறிவித்தனர். இன்றைய மனித இனம் தோன்றிச் சுமார் 3 இலட்சம் ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே அக்கைக்கோடரிகளைச் செய்தோர் நம் இனத்திற்கும் மூத்த மனிதர் ஆவர்.

தமிழ் மண்ணில் கிடைத்தமையால் அதனைத் 'தமிழன் செய்த கோடரி' என்று மேடையில் முழங்குவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கல்லில் மொழி ஒட்டியிருப்பதில்லை. அதனைச் செய்தவன் எம்மொழியில் பேசினான் என்பதை எந்த வடுவும் உரைப்பதில்லை. தமிழின் தொன்மைக்கு இலக்கியமும் கல்வெட்டும் தக்க சான்றுகளாக உள்ளன. அதற்குக் கைக்கோடரியைப் பொய்ச்சாட்சியாக அழைக்க வேண்டிய தேவை இல்லை. பிழையான பெருமையை வகுப்பறையில் கேட்ட மாணவன், பின்னர் உண்மையை அறியும் நாளில் ஆசிரியர் கூறிய மெய்களையும் ஐயுறுவான்.

மாணவர் செய்யத்தக்கது

சாலைச் சரளையிலோ செம்பனைத் தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ ஐயத்திற்குரிய கல் ஒன்றை மாணவன் காணக்கூடும். அதனை உடைத்துப் பார்த்தல் ஆகாது. அவ்விடத்தைத் தோண்டுதலும் ஆகாது. கிடந்த நிலையிலேயே படம் எடுத்து, இடத்தையும் நாளையும் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லின் நீளம், அகலம், தடிப்பு, நிறம் ஆகியவற்றை எழுதி, இரு முகங்களையும் வரைதல் நன்று. வரையும்போது வடுக்களை ஒவ்வொன்றாகப் பார்க்க நேர்வதால், பார்வைக்குத் தப்பியதும் புலப்படும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டத்தின்படி, மரபுச் சிறப்புடையதெனக் கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் மரபுடைமை ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவித்தல் வேண்டும்.

கண்ட கற்களுட் பெரும்பாலானவை வெறுங்கற்களாகவே முடியலாம். அதனால் இழப்பு ஒன்றுமில்லை. இதற்குச் சான்று என்ன, எங்கிருந்து வந்தது, வேறு காரணம் இருக்கக்கூடுமா என்று வினவப் பழகிய மாணவன் ஏட்டையும் செய்தித்தாளையும் மேடைப் பேச்சையும் அவ்வாறே ஆராய்வான். அவ்வாறு வினவக் கற்பிப்பதே வரலாற்றுப் பாடத்தின் முதற் கடமையாகும்.