கடல் கடந்த மென்பொருள் வேலையும் மைசூருப் பயிற்சி வளாகமும்

மைசூருவின் ஹெப்பாள் தொழிற்பகுதியில், ஏறத்தாழ 337 ஏக்கர் வளாகத்தில், இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் உலகக் கல்வி மையம் இயங்குகிறது. பொறியியல் படிப்பு முடிந்த கையோடு வேலைக்கு எடுக்கப்படும் ஃபிரஷர்கள் சில மாதங்கள் இங்கே தங்கி நிரல் எழுதவும் தரவுத்தளங்களைக் கையாளவும் கற்கிறார்கள். உள்தேர்வில் தேறியவர்கள் பெங்களூரு, சென்னை, புனே, ஹைதராபாத் அலுவலகங்களுக்கு அனுப்பப்படுகிறார்கள். 2009 செப்டம்பர் 15-இல் சோனியா காந்தி இரண்டாவது மையத்தைத் திறந்துவைத்தபோது, ஒரே சமயத்தில் சுமார் 14,000 பேர் பயிலக்கூடிய இடமாக இது வளர்ந்திருந்தது. மேலை நாடுகளின் கணினி வேலை இந்தியாவுக்கு வந்த வரலாறு பெரும்பாலும் பெங்களூருவை மையமாக்கியே எழுதப்படுகிறது. அந்த வேலைக்கு ஆள் எப்படித் தயாராகிறார், தயாரிக்கும் செலவையும் இடரையும் யார் சுமக்கிறார் என்ற கேள்விகளுக்கு மைசூருவில்தான் விடை தேட வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் வேலை இந்தியாவுக்கு வரவில்லை. ஆட்கள்தான் மேலை நாடுகளுக்குப் போனார்கள். டாடா கன்சல்டன்சி (டிசிஎஸ்) 1968-இல் தொடங்கியது. 1970களில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியிருந்ததால் ஒரு கணினியை இறக்குமதி செய்வதே பெரும்பாடு. அந்நிய முதலீட்டு விதிகளுக்கு உடன்படாத ஐபிஎம் 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. 1981-இல் புனேயில் ஏழு பேர் தொடங்கி 1983-இல் பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்த இன்ஃபோசிஸும் முதலில் நியூயார்க்கின் டேட்டா பேசிக்ஸ் நிறுவனத்துக்குத் தன் பொறியாளர்களை அனுப்பித்தான் பிழைத்தது. ஆளை வாடகைக்கு விடும் தொழில் என்று இதைப் பலர் இளக்காரமாகப் பேசியதில் உண்மை இல்லாமலில்லை.

1984, 1986 ஆண்டுகளின் கொள்கைகள் கணினி இறக்குமதியையும் மென்பொருள் ஏற்றுமதியையும் எளிதாக்கின. 1985-இல் பெங்களூருவுக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், செயற்கைக்கோள் இணைப்பு வழியாக வடிவமைப்பு வேலையை இங்கிருந்தே அமெரிக்காவுக்கு அனுப்ப முடியும் என்று காட்டியது. 1991-இல் அமைந்த இந்திய மென்பொருள் தொழில்நுட்பப் பூங்காக்கள் அந்த வசதியைச் சிறு நிறுவனங்களுக்கும் கொண்டுவந்தன. ஏற்றுமதி லாபத்துக்குக் கிடைத்த வருமான வரி விலக்கு 2011 மார்ச் வரை நீடித்தது. இப்படி இணைப்பு வசதியும் வரிச்சலுகையும் கூடியபோது, கிளையன்ட் இடத்துக்கே போய்ச் செய்யும் ‘ஆன்சைட்’ வேலை சுருங்கி, இங்கிருந்தே செய்யும் ‘ஆஃப்ஷோர்’ வேலை பெருகியது. ஆண்டை இரண்டு இலக்கங்களில் மட்டும் குறித்ததால் எழுந்த 2000-ஆம் ஆண்டுச் சிக்கலுக்காகப் பழைய நிரல்களைத் திருத்தும் வேலை குவிந்ததும், ஆயிரக்கணக்கானோரை ஒரே அச்சில் பயிற்றுவிக்கும் தேவை எழுந்தது.

அந்தத் தேவைக்கு மைசூரு பொருந்தியதற்குக் காரணங்கள் உண்டு. பெங்களூருவுக்கு எட்டும் தொலைவில் இருந்தும் நிலவிலை குறைவு. 1916-இல் நிறுவப்பட்ட மைசூர்ப் பல்கலைக்கழகம், 1946-இல் தோன்றிய தேசியப் பொறியியல் கழகம், 1963-இல் வந்த ஜெயச்சாமராஜேந்திரா பொறியியல் கல்லூரி என்று கல்விப் பின்புலமும் இருந்தது. இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி தேசியப் பொறியியல் கழகத்தில் படித்தவர். மறுபக்கம் பழைய ஆலைத் தொழில் தளர்ந்துகொண்டிருந்தது. யாதவகிரியில் ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்த ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. ஆலைத் தொழிலாளி ஊரிலேயே குடும்பம் நடத்தி ஊரிலேயே ஓய்வு பெற்றார். பயிற்சிக்கு வருபவரோ வளாகத்துக்குள்ளேயே தங்கி, சில மாதங்களில் வேறு ஊருக்குப் போய்விடுகிறார். மைசூரு அவருக்கு ஒரு வழித்தங்கல். இந்த வேறுபாட்டை நகர வளர்ச்சி பற்றிய பெருமிதப் பேச்சுகள் பொதுவாகக் கடந்துபோய்விடுகின்றன.

இத்தொழிலின் பொருளாதாரம் ஒரு கூம்பு. மேலே அனுபவசாலிகள் சிலர், அடியில் குறைந்த சம்பளத்தில் ஃபிரஷர்கள் பலர். கிளையன்ட் தரும் மணிக்கூலிக்கும் அடித்தட்டுச் சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் லாபம் நிற்கிறது. ஆகவே அடித்தட்டு ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். புதியவர் விரைவில் ‘பில்லிங்’குக்கு, அதாவது கிளையன்ட் கூலி தரும் வேலைக்கு, வர வேண்டும். வராதவர் ‘பென்ச்’சில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் செலவு. மைசூரு வளாகம் இந்தக் கூம்பின் அடித்தளத்தைத் தயாரிக்கிறது. கல்லூரிகள் கற்றுத்தராததை நிறுவனம் தன் பணத்தில் கற்றுத்தருகிறது என்பது மெய்; அதில் பலன் பெற்ற எளிய குடும்பத்துப் பிள்ளைகள் ஏராளம். ஆனால் 2010களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றேகால் லட்சம் ரூபாயாக இருந்த தொடக்கச் சம்பளம், 2022-இல் 3.6 லட்சம்தான். இடையில் ஏறிய விலைவாசியைக் கழித்தால் இது குறைவே. வாசலில் பட்டதாரிகள் வரிசையில் நிற்கும்வரை சம்பளத்தை உயர்த்த நிறுவனங்களுக்கு நெருக்கடி இல்லை.

அமெரிக்காவில் எழுந்த விவாதம் வேறு முனையிலிருந்து தொடங்கியது. வெளியே வேலை கொடுப்பதும் வணிகத்தின் ஒரு வடிவமே, நீண்ட காலத்தில் நன்மை தரும் என்று 2004 பிப்ரவரியில் அதிபரின் பொருளாதார ஆலோசகர் கிரெகரி மான்கிவ் சொன்னபோது இரு கட்சியினரும் அவர்மீது பாய்ந்தார்கள். ஜகதீஷ் பகவதி முதலான பொருளியலாளர்கள் மான்கிவ் பக்கம் நின்றனர். அதே ஆண்டில் மற்றொரு பொருளியலாளரான பால் சாமுவேல்சன், எதிர்தரப்பு நாடு நம் வலுவான துறையிலேயே திறன் பெற்றுவிட்டால் நமக்கு நிரந்தர இழப்பும் நேரலாம் என்று காட்டினார். வாதத்தில் சாமுவேல்சன் கையே ஓங்கியிருப்பதாகத் தோன்றுகிறது; மொத்த நன்மை உண்டு என்று காட்டுவது எளிது, இழந்தவருக்கு அதில் பங்கு போய்ச் சேரும் என்று காட்டுவது கடினம்.

இழந்தவர் யார் என்பது 2014–15-இல் கண்ணுக்குத் தெரிந்தது. சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் மின் நிறுவனம் தன் கணினிப் பிரிவின் பணிகளை இன்ஃபோசிஸ், டிசிஎஸ் நிறுவனங்களிடம் ஒப்படைத்தபோது சுமார் 400 பேர் வேலை இழந்தனர். தங்கள் இடத்துக்கு வந்தவர்களுக்குத் தாங்களே வேலை கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது என்பது அவர்களின் மனக்குறை. தொழில் வழக்கில் ‘கே.டி.’ எனப்படும் இந்த அறிவு மாற்றம் ஒப்பந்தத்தின் சாதாரண உறுப்பு. சொல்லிக்கொடுப்பவருக்கு அது வேலையிழப்பின் கடைசி மாதம். சட்டமும் இதற்கு இடம் விட்டிருந்தது. வெளிநாட்டுத் திறனாளர்களைப் பணிக்கு அழைத்துவர உதவும் எச்-1பி விசாவை அதிகம் நம்பும் நிறுவனங்கள் அமெரிக்கரை அகற்றக் கூடாதென்ற விதியிலிருந்து, ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் தந்தால் விலக்குப் பெறலாம். 1998-இல் குறித்த அந்தத் தொகை பின்னர் உயர்த்தப்படவில்லை. முன்னதாக 2013 அக்டோபரில், விசா நடைமுறை பற்றிய வழக்கில் இன்ஃபோசிஸ் 3.4 கோடி டாலர் செலுத்தச் சமரசம் செய்துகொண்டது. ஆவணப் பிழைகளை ஒப்புக்கொண்ட நிறுவனம், விசா மோசடிக் குற்றச்சாட்டை மறுத்தது. 2017-இல் 10,000 அமெரிக்கர்களைப் பணியமர்த்தப்போவதாக அறிவித்தது.

இடர் அமெரிக்க ஊழியரோடு நிற்கவில்லை. 2022-இல் இன்ஃபோசிஸிடம் ஆஃபர் லெட்டர் பெற்ற பட்டதாரிகள் பலர் சேரும் தேதிக்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து 2024 அக்டோபரில்தான் மைசூரு வளாகத்துக்குள் வந்தார்கள். 2025 பிப்ரவரியில், மூன்று வாய்ப்புகளிலும் உள்தேர்வில் தேறவில்லை என்று அவர்களில் 300-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்றது நைட்ஸ் என்ற ஊழியர் அமைப்பு. தேர்வு முறை எப்போதும் உள்ளதே என்றது நிறுவனம். ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டபின் மாநிலத் தொழிலாளர் துறையினர் வளாகத்துக்கு வந்து விசாரித்தனர். பயிற்சியில் இருப்பவர் சட்டத்தின் கண்ணில் தொழிலாளரா என்பதே அதில் மையக் கேள்வியானது. கிளையன்ட் செலவைச் சுருக்கியபோது காத்திருந்த ஆண்டுகளின் சுமை பட்டதாரியின் வீட்டிலேயே, பல வீடுகளில் கல்விக்கடன் தவணையாகவும், விழுந்தது. கே.டி. தந்துவிட்டுக் கிளம்பிய கலிஃபோர்னிய ஊழியரும் தேர்வில் தவறிய மைசூருப் பயிற்சியாளரும் எதிரெதிர்த் தரப்பினர் என்று இரு நாட்டு அரசியலும் சொல்கிறது. உண்மையில் இருவருமே ஒரே கணக்கில் கழிக்கப்பட்ட செலவு.

பாதுகாப்பு ஏற்பாடுகள் மெல்ல நகர்கின்றன. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. கர்நாடகத்தில் அத்துறை ஊழியர் சங்கம் 2017-இல் பதிவானது. எனினும் பணி நிபந்தனைகளை எழுத்தில் வைக்கக் கோரிய நிலையாணைச் சட்டத்திலிருந்து இத்துறைக்குக் கர்நாடகம் அளித்த விலக்கு 2024-இல் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு அமெரிக்கா 1,00,000 டாலர் கட்டணம் விதித்தது. ஆள் போவது அருகினால் வேலை இன்னும் அதிகமாக இங்கே வரக்கூடும், மைசூரு போன்ற பயிற்சி இடங்களின் தேவையும் கூடக்கூடும். அதே ஆண்டு நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கின. ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த நாளுக்கும் வேலையில் சேரும் நாளுக்கும் இடைப்பட்ட காலத்தை அவை தொடவில்லை.