புதுசு வந்திருக்கா?

கம்ப்யூட்டர் உலகத்தில் சலிக்காமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: 'இதுக்குப் புதுசு வந்திருக்கா?' முதலில் மனிதர்கள் கேட்டார்கள். பிறகு அவர்களுக்காக ஸ்கிரிப்டுகள் கேட்டன. இப்போது செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்கள் கேட்கின்றன, அவை கேட்பதற்கென்றே குட்டிக் கருவிகள் எழுதப்படுகின்றன. அப்படி ஒன்றின் நிரலைப் போன வாரம் திறந்து படித்தேன். பெரிதாக எதுவும் இல்லை. ஏஜென்ட் ஒரு பேக்கேஜின் பெயரைத் தரும். கருவி என்பிஎம் ரெஜிஸ்ட்ரியிடம் போய்க் கேட்டு, ஒரு வெர்ஷன் எண்ணைக் கொண்டுவந்து கொடுக்கும். அவ்வளவுதான்.

ஏன் இது தேவைப்படுகிறது? மொழி மாதிரியின் நினைவு ஒரு குறிப்பிட்ட நாளோடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு வந்த வெர்ஷன் எதுவும் அதற்குத் தெரியாது. பத்து வருஷம் கழித்து துபாயிலிருந்து வந்த சித்தப்பா, எப்போதோ நிறுத்தப்பட்ட பஸ்ஸுக்கு நம்பர் சொல்லி வழிகாட்டுவார் இல்லையா, அந்த மாதிரி. பொய் சொல்வதில்லை, தனக்குத் தெரிந்ததைத் தன்னம்பிக்கையோடு சொல்கிறார்.

இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. துளையிட்ட காகித நாடாக்களின் காலத்தில் திருத்தம் என்றால் நிஜமாகவே ஒட்டுப்போடுவதுதான். தப்பான துளையின் மேல் காகிதத் துண்டு ஒட்டுவார்கள். 'பேட்ச்' என்ற சொல் அங்கிருந்து வந்தது. 1985இல் லாரி வால் எழுதிய நிரலுக்கும் 'பேட்ச்' என்றுதான் பெயர். முழு நிரலையும் திரும்ப அனுப்பாமல், மாறிய வரிகளை மட்டும் அனுப்பினால் போதும் என்று ஆக்கியது அது. புதுசு வந்திருக்கிறதா என்பதை மட்டும் நாம்தான் எங்காவது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வியை இயந்திரத்திடம் ஒப்படைத்தவர்களில் பெர்ல் மொழிக்காரர்கள் முன்னோடிகள். 1995இல் 'சிபேன்' என்ற பொதுக் களஞ்சியத்தைத் திறந்தார்கள். அதற்கான ஷெல்லில் 'ஆர்' என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினால், உங்களிடம் இருப்பவற்றில் எதெல்லாம் பழசாகிவிட்டது என்று பட்டியல் போடும். 1999இல் டெபியன் 2.1 ஏப்டி-கெட்டோடு வந்தது. அதில் 'அப்டேட்' என்றால் எதையும் புதுப்பிக்காது, பட்டியலை மட்டும் புதுப்பிக்கும். நிஜமாகப் புதுப்பிக்க 'அப்கிரேட்' என்று தனியாகச் சொல்ல வேண்டும். லினக்ஸ் கற்றுக்கொள்ளும் எல்லோரும் இங்கே ஒருமுறையாவது குழம்புவார்கள். எனக்கென்னவோ அந்தப் பிரிவு ரொம்ப நாகரிகமானது என்று தோன்றுகிறது. தெரிந்துகொள்வது வேறு, வீட்டுக்குள் விடுவது வேறு.

2010இல் என்பிஎம் வந்ததும் இந்த நிதானமெல்லாம் போயிற்று. நீங்கள் பத்து பேக்கேஜ் கேட்டால் அது தன் சொந்தபந்தம் நூற்றுக்கணக்கைக் கூட்டிவரும். 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரி நிரலை எழுதியவர் அதை நீக்கியபோது, உலகமெங்கும் பில்டுகள் முறிந்தன. அந்தக் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அதைவிட முக்கியம் ஈக்விஃபேக்ஸ். 2017 மார்ச் 7 அன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸில் இருந்த ஓட்டைக்குத் திருத்தம் வெளியானது. இரண்டு நாளில் அந்தக் கம்பெனிக்குள் பலருக்கும் மின்னஞ்சல் போயிற்று. மார்ச் 15இல் ஸ்கேன்கூட ஓட்டினார்கள். பழைய ஸ்ட்ரட்ஸ் உள்ளேயேதான் இருந்தது. ஸ்கேனரின் கண்ணில் அது படவில்லை. மே மாதம் திருடர்கள் உள்ளே வந்தார்கள். ஏறத்தாழ 14.7 கோடி பேரின் விவரங்கள் போயின. கேள்வி கேட்காததால் வந்த வினை இல்லை இது. கேட்டார்கள். தப்பான பதில் வந்தது, நம்பினார்கள்.

இதற்குப் பிறகு 'எப்போதும் புதுசாக வைத்துக்கொள்' என்பது வேதவாக்கானது. டிபெண்டபாட் போன்ற பாட்கள் புது வெர்ஷன் வந்ததும் தாங்களே திருத்தம் எழுதி நீட்டின. 2019இல் கிட்ஹப் அதை வாங்கிக்கொண்டது.

அப்புறம் 2024, எக்ஸ்இஸட். பெரும்பாலான லினக்ஸ்களில் இருக்கும் சின்னச் சுருக்க நூலகம். வருஷக்கணக்காக ஒருவர் கிட்டத்தட்டத் தனியாளாகப் பராமரித்தது. 2022இல் முன்பின் தெரியாத பெயர்கள் வந்து அவரை நச்சரிக்க ஆரம்பித்தன: ஏன் இன்னும் புது வெர்ஷன் வரவில்லை? முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கலாமே? அந்த 'வேறு ஆள்' தயாராகக் காத்திருந்தார். இரண்டு வருஷத்துக்கும் மேல் பொறுமையாக நல்ல வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்து, 5.6.0, 5.6.1 இரண்டிலும் கள்ளக்கதவை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் தன் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால், மார்ச் 29 அன்று விஷயம் வெளியே வந்தது. டெபியனின் பழமைவாத ஸ்டேபிள் பதிப்பில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதுசை உடனே ஏற்றியவர்கள்தான் மாட்டினார்கள். இதில் என்னை உறுத்துவது அந்த நச்சரிப்புதான். 'புதுசு வரலையா?' என்ற அப்பாவிக் கேள்வியையே ஆயுதமாக்கியிருக்கிறார்கள்.

அதே வருஷம் நவம்பரில் ஆந்த்ரோபிக் 'எம்சிபி' என்ற நெறிமுறையை வெளியிட்டது. ஏஜென்ட்கள் வெளிக் கருவிகளைக் கூப்பிட ஒரு பொது முறை. பேக்கேஜ் வெர்ஷன் பார்க்கும் கருவிகளும் அதைப் பிடித்துக்கொண்டு வந்தன. நினைவிலிருந்து எழுதும் ஏஜென்ட் பழைய எண்ணை மட்டும் எழுதுவதில்லை, இல்லாத பேக்கேஜின் பெயரையும் கற்பனை செய்யும். அந்தப் பெயரில் யாராவது நச்சு நிரலைப் பதிவு செய்து வைத்தால் முடிந்தது கதை. கேட்காமல் எழுதுவதைவிடக் கேட்டு எழுதுவது எவ்வளவோ மேல்.

ஆனால் எதைக் கேட்கிறது? 2025 செப்டம்பர் 8 அன்று 'சாக்', 'டிபக்' உள்ளிட்ட புகழ்பெற்ற பேக்கேஜ்களில் நச்சு வெர்ஷன்கள் ஏறின. பராமரிப்பவரை ஒரு போலி மின்னஞ்சல் ஏமாற்றியிருந்தது. சில மணி நேரத்தில் அகற்றிவிட்டார்கள். அந்தச் சில மணி நேரத்தில் ஒரு ஏஜென்ட் 'புதுசு என்ன?' என்று கேட்டிருந்தால், ரெஜிஸ்ட்ரி அந்த நச்சு எண்ணைத்தான் நேர்மையாகச் சொல்லியிருக்கும். மனிதரானால் சோம்பலிலாவது நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருப்பார். ஏஜென்ட்டுக்குச் சோம்பல் கிடையாது. அதே மாதம் பிஎன்பிஎம், வெளியாகி இவ்வளவு நேரம் ஆகாத எதையும் ஏற்றாதே என்று சொல்ல ஒரு அமைப்பைச் சேர்த்தது. சோம்பலை நிமிடக் கணக்கில் எழுதிவைக்கலாம்.

நான் படித்த கருவிக்கு வருகிறேன். என்பிஎம் ரெஜிஸ்ட்ரி தரும் முழுப் பதிலில் 'டைம்' என்றொரு பகுதி உண்டு. ஒவ்வொரு வெர்ஷனும் எந்த நாளில், எந்த நொடியில் வெளியானது என்று அதில் இருக்கும். கருவி அதை வாங்கிக்கொண்டு, எண்ணை மட்டும் எடுத்து, தேதியைத் தூக்கிப்போட்டது. என் நகலில் ஒரு வரி மாற்றினேன். இப்போது எண்ணோடு தேதியும் போகிறது. சிலசமயம் ஏஜென்ட், 'இது நேற்றுத்தான் வந்திருக்கிறது, முந்தையதைப் போடட்டுமா?' என்று திருப்பிக் கேட்கிறது.