எது ஒரிஜினல்? கோத்தகிரியில் ஒரு புல்லட்

கோத்தகிரி என்ற பெயருக்குள்ளேயே ஒரு பட்டறை இருக்கிறது. ‘கோத்தர்களின் தெரு’ என்ற பொருளில் வந்த பெயர் என்று சொல்வார்கள். நீலகிரிப் பழங்குடிகளில் கொல்வேலை, தச்சுவேலை, மண்பாண்டம் எல்லாம் கைவந்தவர்கள் கோத்தர்கள். படுகர்களுக்கு அரிவாளும் கொத்தும் அடித்துக்கொடுத்துத் தானியம் வாங்கிக்கொண்டார்கள். இசையும் அந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு பகுதி. 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே கன்னேரிமுக்கில் வீடு கட்ட வந்தபோது, சமவெளியிலிருந்து மேலே வர ஒழுங்கான பாதைகூடக் கிடையாது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்குப் பாதை வெட்டியது அதற்குப் பிறகுதான். கீழேயிருந்து வர வேண்டிய எதையும் லேசில் தூக்கிப் போட முடியாத ஊர் இது. மேட்டுப்பாளையத்துக்குப் பஸ் போகும் காலத்திலும் ஒரு பேரிங்குக்காக 33 கிலோமீட்டர் மலை இறங்கி ஏற வேண்டும். அதனால் இருப்பதைச் சரிசெய்து ஓட்டுவது ஊரின் பழக்கமாகவே ஆகிப்போனது.

இந்தப் பழக்கத்தைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியதற்குக் காரணம், எங்கள் வீட்டு ஷெட்டில் பிரித்துப் போட்டிருக்கும் ஒரு புல்லட். முதல் பதிவு 1973. அப்பா எண்பதுகளில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இருபது வருடங்களுக்கு மேலாகச் சாக்குப்போட்டு மூடிக் கிடந்தது. இப்போது அதை ஓட வைக்கும் வேலையில் இருக்கிறேன். வேலை தொடங்கியதுமே வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிட்டது. கோயம்புத்தூரில் பழைய வண்டிகள் சேகரிக்கும் ஒருவர், “கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே ஆக்கிக் கொடுங்க, நல்ல விலை தர்றேன்” என்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு அதை வெட்டி, சீட்டைச் சுருக்கி, மேட் பிளாக் அடித்து கஃபே ரேசர் ஆக்க வேண்டும். அம்மா மட்டும், “அப்பா ஓட்டுன வண்டி மாதிரி இருந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

மூன்றிலும் ஒரே கேள்விதான். இந்த வண்டியின் அசல் எது?

பதில் தேடினால் முதலில் சென்னைக்குப் போக வேண்டும், அங்கிருந்து இங்கிலாந்துக்கு. புல்லட் என்ற பெயர் 1932-லேயே ராயல் என்ஃபீல்டில் உண்டு. நாம் அறிந்த உருவம், பின்பக்கம் ஸ்விங்கிங் ஆர்ம் சஸ்பென்ஷனோடு வந்த 350, அடுத்த பத்தாண்டின் இறுதியில் பிறந்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் ஆலை. முதலில் உதிரி பாகங்கள் ரெட்டிச் நகரத்திலிருந்து கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் முழு வண்டியும் இங்கேயே தயாரானது.

இங்கிலாந்தில் அவர்கள் மாடலை மாற்றிக்கொண்டே போனார்கள். 1967-ல் ரெட்டிச் ஆலை மூடியது. சில வருடங்களில் அங்கே ராயல் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றுபோனது. திருவொற்றியூரிலோ ஐம்பதுகளின் எஞ்சின் வார்த்துக்கொண்டே இருந்தார்கள். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. லைசென்ஸ் ராஜ் காலத்தில் போட்டி குறைவு, இறக்குமதி கடினம், மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. 1977-ல் அந்த வண்டியை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். பிறந்த ஊரில் செத்துப்போன பொருள், வளர்ந்த ஊரிலிருந்து திரும்பிப் போனது.

இந்தத் தேக்கத்தால் மெக்கானிக்குகளுக்கு ஒரு லாபம் உண்டு. மாடல் பெரிதாக மாறாததால் ஒரு வருடத்து வண்டியின் சாமான் பல வருடத்து வண்டிகளுக்குப் பொருந்தும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதிது கிடைக்கும், புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். ஒரு புல்லட் இன்னொரு புல்லட்டின் உறுப்புகளை வாங்கிக்கொண்டு வாழ்ந்துவிடும்.

எங்கள் வண்டியைப் பிரித்தபோது இது கண்ணெதிரே தெரிந்தது. எனக்குத் துணை, டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பக்கத்துத் தெரு மாமா. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையைத் துடைத்து, அதிலிருந்த எண்ணைக் காட்டினார்.

“நாப்பது போட்டிருக்காங்க பாரு.”

சிலிண்டர் தேய்ந்தால் லேத்தில் கொடுத்துத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவார்கள். இருபது, நாற்பது, அறுபது என்று போகும். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு. அறுபது என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் கூடுதல். அதற்கு மேல் ஸ்லீவ்தான் அடிக்க வேண்டும். நாற்பது என்றால் ஆலையை விட்டு வந்த பிறகு இந்த இரும்பு பட்டறைக்குப் போய் வந்திருக்கிறது என்று பொருள். மரத்தில் வளையம் எண்ணுவதுபோல வண்டியில் இதை எண்ணலாம்.

இன்னும் இருந்தன. 6 வோல்ட்டில் வந்த வண்டியை அப்பா 12 வோல்ட்டுக்கு மாற்றியிருந்தார். 6 வோல்ட் ஹெட்லைட்டோடு பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவில் திரும்பிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. கார்புரேட்டரில் மெயின் ஜெட் ஒரு அளவு சின்னது. இதுவும் மலை செய்த மாற்றம். சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. திருவொற்றியூர்க் கடற்காற்றுக்கு வைத்த ஜெட் இங்கே பெட்ரோலை அதிகம் விடும், பிளக் கறுத்துப்போகும். பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கோண இரும்பில் வெல்டிங் அடித்த கேரியர் ஒன்றும் இருந்தது. எலை மூட்டை கட்ட.

அந்தக் கேரியரில் மாவட்டத்தின் கதையே இருக்கிறது. எங்களுடையது ஒன்றரை ஏக்கர். பறித்த பசுந்தேயிலை வாடுவதற்குள் ஃபேக்டரிக்குப் போய்ச் சேர வேண்டும். நீலகிரித் தேயிலைக்குப் பெரிய சந்தையாக இருந்த சோவியத் யூனியன் 1991-ல் உடைந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தது. பறிகூலிகூடக் கட்டுப்படியாகாத நிலையில் பல சிறு விவசாயிகள் தோட்டத்தை அப்படியே விட்டார்கள். எங்கள் வீட்டில் வண்டி நின்றதும் அப்போதுதான். எஞ்சினில் பெரிய கோளாறு இல்லை. ஏற்றிப் போக மூட்டை இல்லை.

தம்பி கேட்கும் கஃபே ரேசருக்கும் வரலாறு உண்டு. போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் இளைஞர்கள் வண்டியின் வேண்டாத பாகங்களைக் கழற்றி, கைப்பிடியைத் தாழ்த்தி, ரோட்டோர கஃபேக்களுக்கு இடையே விரட்டினார்கள். அறுபதுகளில் ராயல் என்ஃபீல்டே அந்த ரசனையைப் பார்த்து கான்டினென்டல் ஜிடி கொண்டுவந்தது. நம் நாட்டில் வண்டியை மாற்றியவர்களுக்குத் தேவை வேறு. சௌராஷ்டிரத்தில் புல்லட்டின் முன்பாதியையும் வண்டிப் பெட்டி ஒன்றையும் இணைத்து, டீசல் எஞ்சின் வைத்து ‘சக்டா’ செய்தார்கள். கிராமத்து ஆட்களும் சரக்கும் அதில் போயின. வேறு இடங்களில் புல்லட் சட்டத்துக்குள் டீசல் எஞ்சின் பூட்டினார்கள். பிறகு கம்பெனியே டாரஸ் என்ற டீசல் வண்டியை விற்றது. அப்பாவின் கேரியரும் இந்த வம்சம்தான். கஸ்டமைஸ் என்ற வார்த்தை அவருக்குத் தெரியாது, அவ்வளவே.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. மாற்றம் என்றால் வண்டியின் அடிப்படைத் தன்மையே மாறும்படி அமைப்பை மாற்றுவது. சேஸியை வெட்டும் தம்பியின் திட்டம் இங்கேயே அடிபட்டது.

கோயம்புத்தூர்க்காரரின் வழி 2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, சேஸி, பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்குத் தனிப் பதிவு. நம்பரில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது.

இந்தக் கடைசி வரிதான் என்னை நிறுத்தியது. அப்படிப் பதிவு செய்தால் இந்த வண்டி இனி சந்தைக்குப் போகக் கூடாது, மளிகைச் சாமான் வாங்கக் கூடாது. உழைத்துப் பிழைத்த ஒரு பொருளுக்கு மரியாதை செய்வதாகச் சொல்லி அதை உழைப்பிலிருந்து விலக்கிவைக்கிற ஏற்பாடு அது. அபூர்வமான வண்டிகளுக்கு அது நியாயமான பாதுகாப்பாக இருக்கலாம். லட்சக்கணக்கில் ஓடிய புல்லட்டுக்கு அப்படியொரு கண்ணாடிப் பெட்டி தேவையா என்று தெரியவில்லை.

தவிர, ‘கம்பெனியிலிருந்து வந்த மாதிரி’ என்று செய்துவைக்கும் பல வண்டிகளில் சின்ன வேடிக்கை ஒன்று உண்டு. பளபளக்கும் டாங்கில் ‘ராயல் என்ஃபீல்டு’ என்று ஒட்டியிருப்பார்கள். எழுபதுகளில் திருவொற்றியூரிலிருந்து வந்த டாங்கில் வெறும் ‘என்ஃபீல்டு’தான். 1994-ல் ஐஷர் கம்பெனியை எடுத்த பிறகே ‘ராயல்’ இங்கே திரும்பியது. அசலைத் தேடிப் போகிறவர் கடைசியில் தன் மனசிலிருக்கும் அசலைத்தான் செய்துவைக்கிறார்.

மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டே கேட்டார்:

“வண்டியை ஓட்டப்போறியா, பாக்கப்போறியா?”

“ஓட்டத்தான் மாமா.”

“அப்ப எது ஓடறதுக்கு வேணுமோ அது இருக்கட்டும். எது தடுக்குதோ அதை எடுத்துரு.”

ஆயிரம் பக்கம் எழுதினாலும் சீரமைப்புக்கு இதைவிடத் தெளிவான விதி கிடைக்குமா தெரியவில்லை. அதன்படியே செய்கிறேன். சிலிண்டர் அறுபதுக்குப் போகிறது. டாங்குக்குள் நட்டுகளைப் போட்டு உருட்டித் துருவை எடுத்தாகிவிட்டது. 12 வோல்ட் அப்படியே இருக்கும், சின்ன ஜெட்டும் இருக்கும். பெயின்ட் பதிவுச் சான்றில் உள்ள கறுப்பு. வழக்கமான பதிவை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரருக்கு விற்பதில்லை என்று போன் செய்துவிட்டேன். தம்பி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் புது கிளட்ச் பிளேட் செட்டுக்குப் பணம் அனுப்பினான்.

கேரியரின் இடதுபக்கக் கம்பி துருவில் பாதி தின்றுபோயிருக்கிறது. அதை மட்டும் வெட்டி, அதே அளவு கோண இரும்பை வைத்து வெல்டிங் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். வெல்டிங் கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதுல என்னங்க ஏத்துவீங்க இப்ப?” என்று கேட்டார். தோட்டத்தில் பாதியை மறுபடி கவாத்து செய்திருக்கிறோம், எலை வர நாளாகும் என்று சொன்னேன்.