அசான்டே கொட்டோக்கோ கால்பந்துக் கழகம்

அசான்டே கொட்டோக்கோ கால்பந்துக் கழகம் மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் குமாசி நகரைச் சேர்ந்த தொழில்முறைக் கால்பந்துக் கழகம் ஆகும். 1935ல் இப்பெயரைப் பெற்ற இக்கழகம், கானாவின் முதல்நிலை லீக் போட்டியில் மிகுதியான முறை வாகை சூடியுள்ளது. ஆப்பிரிக்கக் கழகங்களுக்கான கோப்பையை 1970, 1983 ஆகிய ஆண்டுகளின் போட்டிகளில் வென்றது. அசான்டே மக்களின் அரசரான அசான்டேகேனே இதன் புரவலர் ஆவார். தலைநகர் அக்ராவின் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக் கழகம் இதன் நெடுநாளைய எதிரணி.

பெயர்

அக்கான் மொழியில் "கொட்டோக்கோ" என்றால் முள்ளம்பன்றி. அது அசான்டே அரசின் சின்னம். முட்கள் உதிர்ந்தாலும் மீண்டும் முளைப்பது போல, படையில் வீழ்ந்தவர்களின் இடத்துக்கு வேறு வீரர்கள் வருவர் என்பது இதன் பொருள். "கும் அப்பெம் ஆ, அப்பெம் பெபா" (ஆயிரவரைக் கொன்றால் ஆயிரவர் வருவர்) என்னும் பழைய போர் முழக்கமே கழகத்தின் முழக்கமாகவும் உள்ளது.

தோற்றம்

பிரித்தானியர் 1896ல் அசான்டே அரசர் முதலாம் பிரெம்பேயைச் சிறைப்பிடித்து, பின்னர் சீசெல்சுத் தீவுகளுக்கு நாடு கடத்தினர். அவர் குமாசிக்குத் திரும்பியது 1924ல். அதே ஆண்டில், அக்ராவில் ஓட்டுநராகப் பணியாற்றி அங்குக் கால்பந்தாட்டத்தைக் கண்டு ஈர்க்கப்பட்ட குவாசி குமா என்பவர், எல். ஒய். அசமோவாவுடன் இணைந்து குமாசியில் "ரெயின்போ" என்ற அணியைத் தொடங்கினார். இவ்வணி 1926ல் "அசான்டே யுனைட்டெட்" என்றும், 1931ல் "மைட்டி ஆட்டம்ஸ்" என்றும் பெயர் மாறியது. பெயர்களால் பெரிய பயன் ஏதும் விளையவில்லை. 1935ல் அசான்டே கூட்டரசு மீண்டும் நிறுவப்பட்டு, இரண்டாம் பிரெம்பே அசான்டேகேனேவாக ஏற்கப்பட்டார். பள்ளி ஆசிரியரான ஜே. எஸ். கே. பிரிம்பொங், அரசின் சின்னத்தையே அணியின் பெயராகச் சூட்ட அவரிடம் ஒப்புதல் பெற்றார். அன்றுமுதல் இது அரண்மனையோடு பிணைந்த கழகமாயிற்று.

இரியல் ரிப்பப்ளிக்கன்சு காலம்

கழகம் தன் முதல் லீக் பட்டத்தை 1959ல் வென்றது. ஆனால் குவாமே இன்க்ருமாவின் ஆட்சியில், 1961ல், ஒவ்வொரு கழகத்திலிருந்தும் சிறந்த இரு ஆட்டக்காரர்களை எடுத்து "இரியல் ரிப்பப்ளிக்கன்சு" என்னும் அணி உருவாக்கப்பட்டது. தங்கள் ஆட்டக்காரர்களையே எதிர்த்து ஆட வேண்டிய நிலை கழகங்களுக்கு ஏற்பட்டது. கொட்டோக்கோவின் புகழ்பெற்ற பக்கவாட்டு முன்கள வீரர் பாபா யாரா இவ்வணிக்குச் சென்றவர்களுள் ஒருவர். 1963 மார்ச்சில் அவ்வணி சென்ற பேருந்து விபத்துக்குள்ளானதில் அவரது முதுகெலும்பு பாதிக்கப்பட்டது. மீண்டும் நடக்க இயலாத நிலையில் 1969ல் இறந்தார். குமாசி விளையாட்டரங்கம் பின்னாளில் அவர் பெயரைப் பெற்றது. 1966ல் இராணுவம் இன்க்ருமாவைக் கவிழ்த்தபின் அந்த அரச அணியும் கலைக்கப்பட்டது.

இழந்த கோப்பையும் வென்ற கோப்பையும்

1967ல் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதியாட்டத்தில் கொட்டோக்கோ, காங்கோவின் டிபி எங்கில்பெர்ட் (இன்றைய டிபி மசெம்பே) அணியைச் சந்தித்தது. குமாசியில் 1-1, கின்சாசாவில் 2-2 எனச் சமன் ஆகவே, மூன்றாவது ஆட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. கொட்டோக்கோ அதற்கு வரவில்லை. ஆட்டம் பற்றிய செய்தி கானா கால்பந்துச் சங்கத்திடமிருந்து கழகத்துக்கு உரிய நேரத்தில் வந்து சேரவில்லை என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். கோப்பை எங்கில்பெர்ட்டுக்கு வழங்கப்பட்டது. ஆடுகளத்தில் தோற்காமலேயே கோப்பையை இழந்த வரலாறு இது.

1970ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதியாட்டத்தில் அதே இரு அணிகள் மோதின. 1971 சனவரியில் குமாசியில் நடந்த முதல் ஆட்டம் மீண்டும் 1-1 என முடிந்தது. இரண்டு வாரங்களுக்குப்பின் கின்சாசாவில் கொட்டோக்கோ 2-1 என வென்றது. இவ்வணியின் நடுக்கள வீரர் இப்ராகிம் சண்டே 1971ஆம் ஆண்டின் சிறந்த ஆப்பிரிக்க ஆட்டக்காரராகத் தெரிவானார். கோல் காப்பாளர் இராபர்ட் மென்சா, தாம் அணியும் தொப்பியால் எதிரணியினரைக் கலக்கமுறச் செய்தவர். அதில் மாயம் உள்ளதென அவர்கள் நம்பினர். வெற்றி கிடைத்த அதே ஆண்டின் நவம்பரில், தேமா நகர மதுக்கடை ஒன்றில் நடந்த சண்டையில் உடைந்த புட்டியால் குத்தப்பட்டு அவர் இறந்தார்.

அடுத்த வெற்றிக்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1971, 1973, 1982 ஆகிய ஆண்டுகளின் இறுதியாட்டங்களில் கழகம் தோற்றது. 1983 கானாவுக்கு வறட்சியும் பஞ்சமும் நிறைந்த ஆண்டு. நைசீரியாவால் வெளியேற்றப்பட்ட பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கானாவினர் நாடு திரும்பிய ஆண்டும் அதுவே. அவ்வாண்டு திசம்பரில் குமாசியில் ஒபொக்கு இன்டி அடித்த ஒரே கோலினால், முந்தைய ஆண்டு தம்மை வென்ற எகிப்தின் அல் அக்லி அணியைக் கொட்டோக்கோ வீழ்த்தியது. கழகம் வென்ற கடைசி ஆப்பிரிக்கக் கோப்பை இதுவாகும். 1993ல் சமாலெக் அணியிடம் தண்ட உதைகளில் தோற்றது.

2001 அக்ரா விளையாட்டரங்கப் பேரிடர்

2001 மே 9 அன்று அக்ராவில் கொட்டோக்கோவும் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக்கும் மோதின. முன்னிலை பெற்றிருந்த கொட்டோக்கோ, ஆட்டத்தின் பிற்பகுதியில் இரு கோல்களை விட்டுக்கொடுத்து 1-2 எனப் பின்தங்கியது. சினமுற்ற கொட்டோக்கோ ரசிகர்கள் சிலர் நெகிழி இருக்கைகளைப் பிடுங்கி எறிந்தனர். காவலர்கள் பார்வையாளர் பகுதிக்குள் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசினர். மக்கள் வாயில்களை நோக்கி ஓடினர், வாயில்கள் பூட்டியிருந்தன. 126 பேர் (சில கணக்குகளில் 127 பேர்) இறந்தனர். பெரும்பாலோர் நெரிசலில் மூச்சுத்திணறியே இறந்தனர். காவலர்கள் அளவுமீறி நடந்துகொண்டதாக விசாரணைக் குழு கூறியது. எனினும் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு காவல் அதிகாரிகளும் 2003ல் விடுவிக்கப்பட்டனர். ஒருவர் மற்றொருவரைத் தூக்கிச்செல்வதாக அமைந்த சிலை ஒன்று அவ்வரங்கின் வெளியே உள்ளது.

பிற்காலம்

2002ல் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதியாட்டத்தில் மொரோக்கோவின் விடாட் அணியுடன் மொத்தக் கோல்கள் சமமாக இருந்தும், எதிரணியின் களத்தில் கோல் அடிக்காததால் கொட்டோக்கோ கோப்பையை இழந்தது. 2004ஆம் ஆண்டுக்கான முதலாவது ஆப்பிரிக்கக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதியில் ஹார்ட்ஸ் ஆஃப் ஓக்கே எதிரணியாக அமைந்தது. இரு ஆட்டங்களும் 1-1 என முடிந்தன. குமாசியில், தன் ரசிகர்களின் முன்னிலையிலேயே, தண்ட உதைகளில் 7-8 எனக் கொட்டோக்கோ தோற்றது.

உள்நாட்டில் 2012 முதல் 2014 வரை தொடர்ந்து மூன்று லீக் பட்டங்களையும், 2022ல் மற்றொன்றையும் வென்றது. 2017 சூலையில் அக்ராவிலிருந்து திரும்பிய அணிப் பேருந்து இன்காவ்காவ் அருகே விபத்துக்குள்ளாகி, பணியாளர் ஒருவர் இறந்தார். 2025 பெப்ரவரியில் இன்சுவாட்ரே நகரில் நடந்த லீக் ஆட்டத்தின்போது கொட்டோக்கோ ரசிகர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார்; லீக் போட்டிகள் சில வாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அவ்வாண்டு சூனில் கழகம் கானா எஃப்.ஏ. கோப்பையை வென்றது.