சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை: ஒரு ரேஸ் டிராக்கின் கதை

கார் பந்தயம் என்றதும் நம்மில் பலருக்கு மொனாக்கோ, சில்வர்ஸ்டோன் என்று வெளிநாட்டுப் பெயர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் டெல்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் புத் சர்க்யூட்டைச் சொல்வார்கள். ஆனால் இந்தியாவில் மோட்டார் பந்தயத்தை வளர்த்த ஊர் எது என்று கேட்டால் நம்ம சென்னையைத்தான் சொல்ல வேண்டும். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதற்கு முதலில் நகரத்தின் இன்னொரு மூலைக்குப் போக வேண்டும்.

சோழவரம்: விமானம் ஓடிய இடத்தில் கார்

செங்குன்றத்தைத் தாண்டிக் கல்கத்தா நெடுஞ்சாலையில் போனால் வரும் ஊர் சோழவரம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளில் ஒன்று இங்கே இருப்பதால் பெயர் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இங்கே ஒரு விமான ஓடுபாதை போடப்பட்டது. போர் முடிந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது. நீளமான, தட்டையான, ஆள் நடமாட்டமில்லாத பாதை. வேகத்தில் ஆசை உள்ளவர்கள் சும்மா விடுவார்களா?

இது நம் ஊரில் மட்டும் நடந்தது என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான். 1948-ல் அங்கே பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ நடந்தது. அதற்குச் சில வருடங்கள் கழித்து, 1950-களின் தொடக்கத்தில், சோழவரத்திலும் பந்தயங்கள் ஆரம்பித்தன. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. இரண்டு இடங்களின் தொடக்கமும் ஒன்றுதான். பிறகு சில்வர்ஸ்டோன் எங்கேயோ போய்விட்டது. சோழவரம் பெரியவர்களின் நினைவில் மட்டும் நிற்கிறது.

ஆனால் அந்த நினைவு சாதாரணமானது இல்லை. அந்தக் காலத்தில் 'சோழவரம் ரேஸ்' என்பது ஒரு திருவிழா. ஃபியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று தெருவில் ஓடிய வண்டிகளையே பிரித்து மேய்ந்து, எடையைக் குறைத்து, எஞ்சினை முடுக்கி ஓட்டினார்கள். இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு இருந்த காலம். உதிரி பாகம் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கட்டாது. அதனால் ஓட்டுபவரை விட மெக்கானிக்கின் மூளைக்குத்தான் வேலை அதிகம். பைக் பந்தயத்தில் யெஸ்டி, ராஜ்தூத் 350, பிறகு ஆர்எக்ஸ் 100 என்று சீறின. இன்னொரு பக்கம் பணம் படைத்தவர்களின் வெளிநாட்டுக் கார்கள். தொழிலதிபர் விஜய் மல்லையா 1980-களில் என்சைன் என்ற பழைய ஃபார்முலா 1 காரையே இங்கே கொண்டுவந்து ஓட்டினார். ஃபார்முலா 1 காரும் ஃபியட்டும் ஒரே ஊரில் ஓடியதைப் பார்த்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஏன் இடம் மாற வேண்டி வந்தது?

ஓடுபாதை என்பது விமானத்துக்காகப் போட்டது. அதில் வளைவு கிடையாது. நேர்ப்பாதையில் உச்ச வேகத்தில் வந்து, தற்காலிகமாக அமைத்த திருப்பத்தில் சட்டென்று பிரேக் போட்டுத் திரும்ப வேண்டும். கார்களின் வேகம் கூடக் கூட, இது ஓட்டுபவருக்கும் ஆபத்து, ஓரத்தில் நிற்கும் கூட்டத்துக்கும் ஆபத்து. அதை விடப் பெரிய சிக்கல், அந்த நிலம் கிளப்புக்குச் சொந்தமில்லை என்பது. சொந்தமில்லாத இடத்தில் பிட் கட்டிடம் கட்ட முடியாது, நிரந்தரத் தடுப்பு போட முடியாது.

ஆகவே கிளப் சொந்தமாக இடம் வாங்கி டிராக் கட்ட முடிவு செய்தது. 1980-களின் இறுதியில் வேலை நடந்து, 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் திறக்கப்பட்டது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இன்று அந்தப் பக்கம் போனால் ஹூண்டாய் தொழிற்சாலையும் அதைச் சுற்றிய கம்பெனிகளும்தான் கண்ணில் படும். அதனால் கார் கம்பெனிகள் வந்த பிறகுதான் டிராக் வந்திருக்கும் என்று தோன்றும். உண்மை தலைகீழ். ஹூண்டாய் அங்கே கார் தயாரிக்க ஆரம்பித்தது 1998-ல்தான். டிராக் அதற்கு எட்டு வருடம் மூத்தது!

என்னென்ன வசதிகள்?

முழு டிராக்கின் நீளம் 3.717 கிலோமீட்டர். மொத்தம் 12 வளைவுகள். ஓட்டுபவர்கள் இவற்றை சி1, சி2 என்று எண்ணால்தான் அழைக்கிறார்கள். முழுச் சுற்று வேண்டாம் என்றால் குறுகிய சுற்றாகவும் பயன்படுத்திக்கொள்ளலாம். பிட், பேடாக், கட்டுப்பாட்டுக் கோபுரம், மருத்துவ மையம் எல்லாம் உண்டு. கார் பந்தயத்துக்கான உலக அமைப்பான எஃப்ஐஏ, பைக் பந்தயத்துக்கான எஃப்ஐஎம் இரண்டின் அங்கீகாரமும் பெற்றது. 2022-க்குப் பிறகு 'மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்' என்ற புதுப் பெயரில் இயங்குகிறது. பக்கத்திலேயே கார்ட்டிங்குக்குத் தனி டிராக்கும் 2023-ல் வந்துவிட்டது.

"அப்படியானால் ஃபார்முலா 1 ஏன் இங்கே நடக்கவில்லை?" என்று கேட்பீர்கள். எஃப்ஐஏ ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு தரம் கொடுக்கிறது. ஃபார்முலா 1-க்கு முதல் தரம் கட்டாயம். கார் கட்டுப்பாட்டை இழந்தால் வேகம் குறைந்து நிற்க எவ்வளவு காலி இடம் இருக்கிறது, தடுப்புகள் எப்படி, மருத்துவ வசதி எப்படி என்று பல கணக்குகள் அதில் உண்டு. இருங்காட்டுக்கோட்டை அதற்கு அடுத்த நிலைப் பந்தயங்களுக்கானது.

இங்கிருந்து போனவர்கள்

கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். கோடீஸ்வரர் அல்லாதவர்களும் ஃபார்முலா கார் ஓட்டலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது. அந்தக் காரில் ஸ்ரீபெரும்புதூரில் தன் முதல் பந்தயத்திலேயே பரிசு மேடை ஏறியவர் நாராயண் கார்த்திகேயன். 2005-ல் அவர் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநர் ஆனார். 2010-ல் சென்னையின் கருண் சந்தோக் இரண்டாமவர். கரிவரதன் இதையெல்லாம் பார்க்க இல்லை, 1995-ல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெளியிலிருந்து வந்தவர்களும் உண்டு. மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக், எம்ஆர்எஃப் சேலஞ்ச் தொடரில் இங்கே ஓட்டியிருக்கிறார். 2019-ல் அதே தொடரின் பட்டத்தை இங்கே வென்றவர் பிரிட்டனின் ஜேமி சாட்விக். அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் அவர்.

நம்மைப் போன்ற மாணவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த ஃபார்முலா காரைக் கொண்டுவந்து போட்டியிடும் சுப்ரா போட்டி 2011-ல் இங்கேதான் நடந்தது.

கசப்பான பக்கம்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் அது வரலாறு ஆகாது. 2023 ஜனவரியில் 59 வயதான அனுபவசாலி ஒருவர் கார் பந்தயத்தில் இங்கே உயிரிழந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் பைக் பந்தயத்தில் இறந்தான். நாடு முழுக்க ஒரு கேள்வி எழுந்தது: பதின்மூன்று வயதில் பந்தயமா?

சுலபமான பதில் என்னிடம் இல்லை. உலகச் சாம்பியன்கள் பலரும் அதை விடச் சின்ன வயதில் ஆரம்பித்தவர்கள்தான். ஆனால் காரில் ஓட்டுபவரைச் சுற்றிக் கூண்டு இருக்கிறது, பைக்கில் அது இல்லை. கீழே விழுந்தவன் மீது பின்னால் வருபவன் மோதாமல் இருக்க எந்த ஹெல்மெட்டும் உத்தரவாதம் தராது. எத்தனை பேரை ஒன்றாக ஓடவிடுவது, எந்த வயதுக்கு எவ்வளவு சக்தியுள்ள வண்டி என்பதை எல்லாம் ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்பப் பரிசீலிக்க வேண்டும். அந்தச் சிறுவனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அதுதான்.

அதற்காக டிராக்கையே மூடு என்பது சரியா? மூடினால் வேகம் நின்றுவிடாது, கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போய்விடும். அங்கே மஞ்சள் கொடி காட்ட மார்ஷல் கிடையாது, ஆம்புலன்ஸ் தயாராக நிற்காது, எதிரே சம்பந்தமே இல்லாத குடும்பம் ஸ்கூட்டரில் வரும்.

பெரிய டிராக்கும் சின்ன டிராக்கும்

2011-ல் புத் சர்க்யூட்டில் ஃபார்முலா 1 வந்தது. வரிப் பிரச்சினை உள்ளிட்ட சிக்கல்களால் 2013-உடன் நின்றது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் தெருச் சாலையில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்தது. விளக்கு வெளிச்சத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. "இருங்காட்டுக்கோட்டை இருக்கும்போது ஊருக்கு நடுவில் எதற்கு?" என்று கேட்டவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. தெருப் பந்தயம் புதுப் பார்வையாளர்களைக் கொண்டுவரும். ஆனால் இரண்டு நாளில் தடுப்புகளைக் கழற்றிவிடுவார்கள். அடுத்த வாரம் பயிற்சிக்கு வரும் பையனுக்கும் பெண்ணுக்கும் நிரந்தரமான டிராக்தான் வேண்டும்.

முப்பது வருடங்களுக்கு மேலாக இருங்காட்டுக்கோட்டை பிழைத்திருப்பது ஒரு பெரிய பந்தயத்தால் அல்ல. தேசியச் சாம்பியன்ஷிப், பயிற்சிப் பள்ளி, வண்டிச் சோதனை என்று வருடம் முழுக்க நடக்கும் சின்னச் சின்ன விஷயங்களால்தான். சோழவரத்தில் ஆர்வம் இருந்தது, கூட்டம் இருந்தது, சொந்த நிலம் மட்டும் இல்லை. அந்தப் பாடத்தை 1990-லேயே கற்றுக்கொண்டு செயல்பட்டவர்களுக்கு ஒரு சல்யூட்! அடுத்த முறை பெங்களூருக்குப் பஸ்ஸில் போகும்போது, இருங்காட்டுக்கோட்டை வந்ததும் தொழிற்சாலைகளைத் தாண்டிக் கொஞ்சம் காதைக் கொடுத்துப் பாருங்கள்.