நௌஷேராவின் சிங்கம் பிரிகேடியர் முஹம்மது உஸ்மான்



நமது மக்தப் மதரஸாவின் பிள்ளைகளிடம் அண்மையில், இந்நாட்டுக்காகப் போர்க்களத்தில் உயிர் நீத்த முஸ்லிம் ஒருவரின் பெயரைச் சொல்லுமாறு கேட்டோம். இரண்டொருவர் 1965 போரில் உயிர் துறந்த ஹவில்தார் அப்துல் ஹமீதின் பெயரைச் சொன்னார்கள். பிரிகேடியர் உஸ்மானை அறிந்தவர் ஒருவருமில்லை. பிள்ளைகள் மீது குறையில்லை. நாம் சொல்லிக் கொடுத்ததில்லை.

1912 ஜூலை 15-ல் அன்றைய ஐக்கிய மாகாணத்தின் ஆஸம்கர் மாவட்டத்தில் பிறந்த உஸ்மான், இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயின்று, பலூச் படைப்பிரிவில் அதிகாரியானார். 1947-ல் தேசம் பிரிந்தபோது அப்படைப்பிரிவு பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கு வந்தால் உயர்பதவிகள் காத்திருக்கின்றன என்று அவருக்கு அழைப்பு வந்ததாகவும் கூறுவர். அவரோ பிறந்த மண்ணிலேயே இருக்க முடிவு செய்து, டோக்ரா படைப்பிரிவுக்கு மாற்றப்பட்டார்.

அவ்வாண்டு டிசம்பரில் 50-வது பாராசூட் பிரிகேடின் தலைமையை ஏற்று ஜம்மு பகுதிக்குச் சென்றார். அம்மாத இறுதியில் ஜங்கர் என்னும் ஊர் எதிரிகள் வசமானது. அதனை மீட்கும்வரை கட்டிலில் உறங்குவதில்லை என்று உஸ்மான் சபதம் செய்தார். அந்த மலைப்பகுதியின் கடுங்குளிரில் வெறும் பாயே அவருக்குப் படுக்கையாயிற்று. 1948 பிப்ரவரி 6-ல் நௌஷேராவின் மீது ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து தாக்கினர். அவரது பிரிகேட் அதனை முறியடித்தது. அன்றிலிருந்தே மக்கள் அவரை 'நௌஷேராவின் சிங்கம்' என்றழைத்தனர். அவரது தலைக்கு எதிர்த்தரப்பு 50,000 ரூபாய் விலை வைத்ததாகச் சொல்லப்படுகிறது. மார்ச் 18-ல் ஜங்கர் மீட்கப்பட்டது. முகாமில் கட்டில் ஏதுமில்லாததால் கிராமத்திலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்தார்களாம். அன்றிரவு அவர் அதில் உறங்கினார்.

எதிரே நின்றோரிலும் கலிமாச் சொன்னவர்கள் இருந்தார்கள். இதனை மறைத்து எழுத நமக்கு விருப்பமில்லை. ஆனால் 1947 அக்டோபரில் பாரமுல்லாவில் புகுந்தவர்கள் மதம் பார்த்துக் கொள்ளையிடவில்லை என்பதை வரலாறு அறியும். ஏற்றுக்கொண்ட பொறுப்பை அமானிதமாகக் கருதியவர் உஸ்மான் என்றே நாம் கொள்கிறோம்.

அவர் மணம் புரியவில்லை. மது அருந்தியதில்லை. தம் ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கே செலவிட்டார். நௌஷேராவில் ஆதரவற்றுத் திரிந்த சிறுவர்களைச் சேர்த்து உணவும் படிப்பும் கொடுத்தார். போரின்போது அவர்கள் செய்தி கொண்டு செல்லும் பணியும் செய்தனர். சிறுவரைப் போர்க்களத்தில் ஈடுபடுத்தியது இன்று நம் மனத்துக்கு ஒப்பவில்லை. எனினும் அன்று அவர்களுக்கு வேறு யார் சோறிட்டார்கள்?

1948 ஜூலை 3 மாலை, ஜங்கரில் பீரங்கிக் குண்டொன்று அருகில் விழுந்து வெடித்ததில் உஸ்மான் உயிர் துறந்தார். 36 வயது நிறைவடைய இன்னும் 12 நாட்கள் இருந்தன. மஹாவீர் சக்ரா விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. டெல்லியில் நடந்த இறுதி நிகழ்ச்சியில் பிரதமர் நேருவே கலந்துகொண்டார்.

ஓக்லாவில் ஜாமிஆ மில்லிய்யா பல்கலைக்கழகத்தை அடுத்த கப்ருஸ்தானில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 2020 டிசம்பரில் அந்தக் கப்ரின் கல் உடைந்து கிடந்தது செய்தியாயிற்று. பின்னர் இராணுவம் அதனைச் சீரமைத்தது. நமக்கு அச்செய்தியே தாமதமாகத்தான் எட்டியது.

நம் ஜமாஅத்தார் டெல்லி செல்லும்போது நிஜாமுத்தீன் சென்று வருகிறார்கள். அங்கிருந்து ஓக்லா வெகுதூரமில்லை. அடுத்த முறை செல்பவர்கள் அங்கும் சென்று, அந்தக் கப்ரின் அருகே நின்று துஆச் செய்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறோம். வந்த பிறகு, கண்டதை நமது மக்தப் பிள்ளைகளிடம் ஒருநாள் வந்து சொல்லவும் வேண்டுகிறோம்.