வானொலி விரட்டிய பெட்டி

தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. அசைந்துகொண்டே இருந்தால்தான் அது தோடி. ஆர்மோனியத்திலோ ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு வழுக்கிப் போக வழியில்லை. ஏறினாலும் படி, இறங்கினாலும் படி. இந்த ஒரு குறைக்காக அந்தப் பெட்டி வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சநஞ்சமல்ல.

அலெக்ஸாந்தர் தெபேன் 1842இல் பாரிஸில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நாற்காலியில் உட்கார்ந்து, காலால் துருத்தியை மிதித்து, இரண்டு கையாலும் வாசிக்க வேண்டிய கருவி. பாதிரிமார்களோடும் துரைமார்களோடும் கப்பலேறி இந்தியா வந்தது. தரையில் சம்மணமிட்டுப் பாடுகிறவர்களுக்கு அது எதற்கு? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவைச் சேர்ந்த துவாரகாநாத் கோஷ் கால்மிதியை எடுத்துவிட்டுத் துருத்தியைப் பெட்டியின் முதுகில் வைத்தார். இடக்கை காற்றடிக்கும், வலக்கை வாசிக்கும். ஐரோப்பியச் சங்கீதத்துக்கு இரண்டு கையும் தேவை. நம் மெட்டுக்கு ஒரு கை போதும். நம் சங்கீதம் தெரிந்தவர் செய்த வேலை அது. உள்ளேயிருக்கும் பித்தளை நாக்குகள் தந்திகளைப்போல் ஈரக்காற்றுக்குச் சட்டென்று சுருதி கலையாதது கூடுதல் லாபம்.

தமிழ்நாட்டில் அதைத் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள் நாடகக்காரர்கள். ஒலிபெருக்கி வராத காலம். கொட்டகையின் கடைசி வரிசைவரை பாட்டுக் கேட்க வேண்டும். கொட்டகை இரைச்சலில் தம்புரா காணாமல் போய்விடும். மேடையோரம் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர் பின்பாட்டும் பாடுவார். நடிகர் மூச்சு வாங்குகிற இடத்தை நிரப்புவார். எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு அவர் சகோதரர் காசி ஐயர் வாசித்தார். கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் எட்டிய உச்சத்துக்குத் தாங்கலாக நின்றது இந்தப் பெட்டிதான். பாடகரின் சுருதியை இன்றும் ஒரு கட்டை, ஐந்து கட்டை என்று ஆர்மோனியத்தின் கட்டையை வைத்துத்தான் சொல்கிறோம். அதை மேடையேற்றாத சபாக்களிலும் இதே கணக்குதான்.

படித்தவர்களுக்குப் பெட்டி பிடிக்கவில்லை. பாரதியார் ‘சங்கீத விஷயம்’ கட்டுரையில் அதைச் சாடினார். தாகூர் சாந்திநிகேதனில் அதை நுழையவிடவில்லை. தில்லி வானொலியில் மேற்கத்திய இசைக்குப் பொறுப்பேற்றிருந்த ஆங்கிலேய இசையமைப்பாளர் ஜான் ஃபோல்ட்ஸ் 1938இல் அதைத் தாக்கி எழுதினார். மறுவருடமே கல்கத்தாவில் காலராவுக்குப் பலியானார். அவர் கருத்து பிழைத்துக்கொண்டது. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது.

வேடிக்கை இதுதான்: இது இந்தியத் தன்மை இல்லாத கருவி என்று தீர்மானித்தது வெள்ளைக்காரனின் அரசாங்க வானொலி. அதே காலத்தில் தமிழ் நாடக மேடையில் வெள்ளைக்காரனை விரட்டும் பாட்டுகளுக்குச் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தது இந்தப் பெட்டி. ‘கொக்குப் பறக்குதடி’ பாடிச் சிறைக்குப் போய்ப்போய் வந்த தியாகி விஸ்வநாததாஸ், தடை வந்த அதே 1940இன் கடைசி நாளில், சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் உயிர்விட்டார். எது சுதேசி என்பதைக் கருவி பிறந்த ஊரை வைத்தா முடிவு செய்வது? அந்தக் கணக்குப்படி வயலினையும் அல்லவா விரட்டியிருக்க வேண்டும்! அதன் தந்தியில் சுரத்தை அசைக்கும் கமகம் வரும், அதனால் தப்பித்தது என்பார்கள். நியாயம்தான். ஆனால் வயலினுக்குப் பின்னால் சபா இருந்தது. ஆர்மோனியத்துக்குப் பின்னால் கூத்துக்காரர்கள்தான் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வானொலிக்குள் நுழைய முடியாத பெட்டி கட்சிக் கூட்டங்களுக்குப் போனது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் அதை வைத்துக்கொண்டு கம்யூனிஸ்டு மேடைகளில் பாடினார். 1958இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களிடம் கட்சி அவர் பாட்டோடுதான் போனது. அவரோடு மேடையேறிய தம்பி, பெண்குரல் பாட்டுகளைப் பாடினான். அண்ணன் அவனை ஆர்மோனியத்தைத் தொடவிடவில்லை. அவர் இல்லாத நேரம் பார்த்துத் தொட்டுத்தான் பழகினான். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தபோது அந்தத் தம்பியின் பெயர் இளையராஜா. தமிழ்த் திரைமெட்டுகள் பல முதலில் பிறந்தது, எம்.எஸ். விஸ்வநாதன் காலத்திலிருந்தே, ஆர்மோனியத்தின்மீதுதான். வானொலி வாத்தியத்தைத் தடுத்தது. அதில் பிறந்த மெட்டைத் திரைப்பாட்டாக ஒலிபரப்பியது.

1971இல் வானொலி தடையைக் கொஞ்சம் தளர்த்தியது, அதுவும் நிபந்தனைகளோடு. இந்துஸ்தானிக் கச்சேரிகளில் அதற்கு முன்பே அது பாடகரின் பக்கத்தில் இடம் பிடித்திருந்தது. கவாலியோ அது இல்லாமல் தொடங்கவே தொடங்காது.

வழக்கு மட்டும் முடிந்தபாடில்லை. 2022இல் சீக்கியர்களின் உயர்பீடமான அகால் தக்தின் தலைவர், ஜத்தேதார், அமிர்தசரஸ் பொற்கோயிலில் ஆர்மோனியத்தை மூன்று ஆண்டுகளில் படிப்படியாக விலக்கிவிட்டு, ரபாப் போன்ற பழைய தந்திக் கருவிகளைக் கொண்டுவரச் சொன்னார். ஆர்மோனியம் அந்நியர் கொண்டுவந்தது என்ற அதே காரணம். பொற்கோயிலுக்கு ரபாப் வாசிப்பவர்கள் கிடைத்துவிடுவார்கள். ரபாபைப் பழக வருடக்கணக்கில் ஆகும். ஆர்மோனியத்தில் சில மாதத்தில் ஒருவரே வாசித்துக்கொண்டு பாடிவிடலாம். கிராமத்துக் குருத்வாராக்கள் என்ன செய்யும் என்று ஜத்தேதாரிடம் யாராவது கேட்டிருந்தால் தேவலை.